பிஸ்கட் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் விரிந்த பூக்கள்

பிப்ரவரி 4

கேள்விப்பெட்டிக்கு மாமா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ சின்னக் குழந்தையாக ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஓடிப்போய், எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டு, நடுவழியில் மாட்டிக்கொண்டு நின்றாயே, அப்போதே அங்கிருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டேன். "இவளை இறக்கிக் கூட்டிட்டு வர்றதுக்குன்னே எங்கேயோ ஒருத்தன் பொறந்திருப்பான் சிஸ்டர்." இப்போது உனக்கு வாய்த்திருக்கும் மாப்பிள்ளை யார்? லிஃப்ட் மெக்கானிக். அந்த நர்ஸ் இருந்தால் கேட்டுப் பார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்காதே.

செய்தி எனக்கு உன் அம்மா மூலம் வரவில்லை. கூடப் பிறந்த தம்பிக்கு நூல் விற்கிறவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படாமல் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

நூல்காரர் இன்னொன்றும் சொன்னார். கல்யாண ஹாலை அலங்காரம் செய்ய ஆள் வைப்பதற்காக அக்கா தையல் மெஷினை விற்கப் போகிறாளாம். நீ காகிதத்திலேயே எல்லாம் செய்துவிடலாம் என்கிறாயாம். "காகிதமா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என் மானம் போகும்" என்கிறாளாம் அவள்.

அவளிடம் இதைச் சொல். நான் இருக்கும் இந்த ஊர் பிஸ்கட் கம்பெனி முதலாளி தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தபோது ஹாலில் வைத்தது முழுக்கக் காகிதம். பணத்துக்குப் பஞ்சமா அவருக்கு? சுவர் முழுக்கக் காகித மொட்டு. ஆட்கள் உள்ளே வர வர, ஹால் நிறைய நிறைய, அந்த மொட்டெல்லாம் தானாக விரிந்தது. யாரும் கை வைக்கவில்லை. நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

போனில் கூப்பிடாதே. பைண்டிங் பட்டறையில் இத்தனை வருஷம் காகிதம் வெட்டும் மெஷின் பக்கத்தில் நின்றதில் காது இரண்டும் பென்ஷன் வாங்கிக்கொண்டன. எழுது. நீ வேலை செய்யும் மூக்குக் கண்ணாடிக் கடை முகவரிக்கே இதைப் போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் உன் அம்மா அடுப்பில் போட்டுவிடுவாள்.

உன் மாமா

*

பிப்ரவரி 11

மாமாவுக்கு,

தானாகவா? எப்படித் தானாக?

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. கண் பரிசோதனைக்கு வந்தவரிடம் "தானாக விரியுமா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணை இன்னும் அகலமாக விரித்துக் காட்டினார்.

அது எந்தக் காகிதம்? வழவழப்பா, சொரசொரப்பா? ஒரே நேரத்தில் எல்லாம் விரிந்ததா, வாசல் பக்கத்திலிருந்து வரிசையாகவா? சத்தம் வந்ததா? பிறகு மூடிக்கொண்டதா? உள்ளே கம்பி இருந்ததா? செய்தவர் யார்? இதை நீங்கள் ஏன் இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவே இல்லை?

அம்மாவைப் பற்றி. அவளுக்கு உங்கள் மேல் கோபம் தீரவில்லை, மாமா. எனக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை வீட்டாரிடம் "எங்க அக்கா கம்பெனியில பன்னிரண்டு மெஷின் ஓடுது, வெளிநாட்டுக்குத் துணி போகுது" என்று நீங்கள் அளந்துவிட்டீர்கள். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தார்கள். ஒற்றை மெஷின், பல்லுக்கிடையில் நூலோடு அம்மா. "மத்த பதினோரு மெஷின் எங்கம்மா?" என்று கேட்டாரே அந்தப் பெரியவர், அந்தக் கேள்வியைத்தான் அம்மா இன்னும் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அம்மாவுக்கு, இந்த முறை ஹாலைப் பார்த்தே யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு வெறி. அதற்காக மெஷினை விற்றுவிட்டு அடுத்தவர் கடையில் கூலிக்குத் தைக்கப் போகிறேன் என்கிறாள். முதுகு வலியோடு.

அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். பட்டுக் காகிதத்தில் ஒரு மொட்டு செய்து மேசையில் வைத்துவிட்டு சாயங்காலம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அசையவில்லை.

எப்படி, மாமா?

*

பிப்ரவரி 17

கேள்விப்பெட்டிக்கு,

ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்குக் காரணம் அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்கில்லை. அவரே ஒப்புக்கொண்டார், கண்ணீரோடு. அவரைக்கூட நீ ஒரே கடிதத்தில் ஓட விட்டிருப்பாய்.

வரிசையாகப் பதில் சொல்கிறேன். வாசல் பக்கத்திலிருந்துதான் விரிந்தது. சத்தம் வந்தது, மெல்லிய புடவையை உதறுகிற மாதிரி. செய்தவர் யாரென்று கேட்டாய். அவர் யாரிடமும் முகம் காட்டாத ஆள், வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான் மட்டும் முதுகைப் பார்த்தேன்.

எப்படி என்றால், மூச்சு. கூட்டம் விடுகிற மூச்சில் ஈரம் இருக்கிறது. காகிதம் ஈரத்தைக் குடிக்கும். இது நான் பட்டறையில் தினம் பார்ப்பது, இதில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. புத்தக அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் பளபளப்புத் தாள் ஒட்டுகிறோமே, மழை பிடித்தால் அந்த அட்டையெல்லாம் வில்லாக வளைந்துகொள்ளும். ஒரு பக்கம் ஈரம் குடித்து நீள்கிறது, மறுபக்கம் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வளையாமல் என்ன செய்யும்? அதற்காக என் முதலாளி என்னைத் திட்டுகிறார், மழையைத் திட்ட முடியாததால்.

ஆகவே இரண்டு தாளை ஒட்ட வேண்டும். குடிக்கிற தாள் ஒன்று, குடிக்காத தாள் ஒன்று. எது உள்ளே எது வெளியே என்பது தொழில் ரகசியம். நீயே கண்டுபிடி, அப்போதுதான் மறக்காது.

பட்டறையில் புத்தக ஓரம் வெட்டி விழுகிற கலர் பட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்புகிறேன். உள்ளங்கை அகலம் இருக்கும், நீளத்துக்குக் குறைவில்லை. எடைக்குப் போகிற குப்பைதான். முதலாளி என்னிடம் "நீ கேட்டா ரோலையே உருட்டி விடுவேன்" என்றார். நான்தான் வேண்டாமென்றேன்.

அக்காவுக்கு முதுகு வலி என்று எழுதியிருந்தாய். எந்தப் பக்கம்?

மாமா

*

மார்ச் 1

மாமாவுக்கு,

மூட்டை வந்தது. கடை வாசலில் வைத்துப் பிரித்தேன். மஞ்சள், ரோஜா நிறம், தவிட்டு நிறம். முதலாளியம்மா ஒரு பட்டையை எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

குடிக்காத தாள் எங்கே கிடைத்தது தெரியுமா? என் காலடியிலேயே. எங்களுக்கு லென்ஸ் வருகிற சின்ன உறைகளுக்குள்ளே மெழுகு பூசின மாதிரி ஒரு தாள் இருக்கும். தினமும் கூட்டித் தள்ளுகிறோம். உங்கள் பட்டையோடு அதை ஒட்டப் பார்த்தேன். பசை பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. உங்கள் மாப்பிள்ளைதான் வேலைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். அதன் பிறகு பிடித்துக்கொண்டது. "லிஃப்ட் கதவுகூட இவ்வளவு அடம்பிடிக்காது" என்றார். அதிகம் பேசாதவர். நீங்கள் வந்தால் சரியாக இருக்கும்.

உள்ளே எது, வெளியே எது? இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். கலர் தாளை நன்றாக நனைத்து ஒட்டினால் அது காயும்போது சுருங்குகிறது, மாமா. சுருங்கி மெழுகுத் தாளையும் சேர்த்து இழுக்கிறது. கலர் தாள் உள்பக்கம் இருந்தால் இதழ் தானாகவே உள்ளே மூடிக்கொள்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் மேசை மேல் ஒரு மொட்டு, யாரும் மடிக்காமலே. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு பல் தேய்க்க மறந்து கடைக்குப் போய்விட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. கொதிக்கிற கெட்டில் மேல் பிடித்தேன். அசைந்தது. ஆனால் விரியவில்லை. ஒவ்வொரு இதழும் பக்கவாட்டில் சுருண்டு குழல் மாதிரி ஆகிவிட்டது. நாற்பது மொட்டு செய்தேன், நாற்பதும் அப்படியே.

அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள்.

"என்னடி இது, காது காதா ஒட்டி வச்சிருக்க?"

நான் பொய் சொல்லவில்லை. யார் சொன்ன யோசனை என்று சொன்னேன். அம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்த ரேடியோவா? ஊரெல்லாம் காதுல பூ சுத்துவான்னு தெரியும். உனக்குப் பூவுலயே காதைச் சுத்திக் குடுத்திருக்கானா?"

சிரிப்பு வந்தது எனக்கு. அவளுக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டாள். பிஸ்கட் முதலாளி கல்யாணத்தைச் சொன்னேன். அம்மா மெஷினில் போய் உட்கார்ந்து ஒரு முழு தையல் ஓட்டி முடித்தாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள்.

"பன்னெண்டாம் தேதி மெஷினைப் பார்க்க ஆள் வருது. அதுக்குள்ள இந்தப் பூ விரிஞ்சுதுன்னா நான் விக்கல. அவனையும் கல்யாணத்துக்குக் கூப்பிடு. விரியலைன்னா மெஷினும் போகட்டும், அவன் பேச்சும் இந்த வீட்ல போகட்டும். அவன் சொன்னது ஒண்ணாவது நிஜமா இருக்கான்னு நானும் பார்க்கிறேன்."

உங்கள் கண்ணால் பார்த்தீர்களே. அந்த இதழ் எப்படி இருந்தது? நீளமா, அகலமா? நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன்?

*

மார்ச் 5

கேள்விப்பெட்டிக்கு,

அக்கா சிரித்தாளா? "அவளுக்கும் வந்தது" என்று எழுதியிருக்கிறாயே, பல் தெரிந்ததா?

அவசரமாக எழுதுகிறேன். உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், பிறகு சாப்பாடு மூடியபடியே இருக்கிறது. பட்டறையில் கிடந்த தாளையெல்லாம் கிழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாளி வந்து "என்னய்யா, காகிதத்தோட சண்டையா?" என்கிறார்.

தப்பு உன்னுடையது இல்லை. நான் அனுப்பிய பட்டையில் இருக்கிறது. காகிதத்துக்கு ஓர் ஓட்டம் உண்டு, மரத்துக்கு இருக்கிற மாதிரி. ஒரு தாளை எடுத்துக் கிழி. ஒரு திசையில் நேராகக் கோடு போட்ட மாதிரி கிழியும், மறு திசையில் நாய் கடித்த மாதிரி கிழியும். நேராகக் கிழிகிற திசைதான் ஓட்டம். ஈரம் குடித்தால் காகிதம் ஓட்டத்தின் திசையில் நீளாது. குறுக்கேதான் உப்பும். என் பட்டைகளுக்கு ஓட்டம் நீளவாக்கில் இருக்கிறது. நீ இதழையும் நீளவாக்கில் வெட்டியிருப்பாய், பட்டை நீளமாக இருந்தால் எல்லாரும் அப்படித்தான் வெட்டுவார்கள். அதனால் இதழ் காயும்போது அகலத்தில் சுருங்கி மொட்டு மாதிரிக் குவிந்தது, ஆவியில் அகலத்திலேயே உப்பிக் குழலாகிவிட்டது.

பட்டைக்குக் குறுக்கே வெட்டு. இதழின் நீளம் பட்டையின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். பூ சின்னதாகத்தான் வரும். நிறையச் செய்ய வேண்டியிருக்கும். இதை முதல் கடிதத்திலேயே எழுத நினைத்து விட்டுவிட்டேன், மை தீர்ந்துபோயிருந்தது.

இதில் ஒரு விஷயம். மெஷின் பார்க்க வருகிறவரைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்ல முடியுமா? மழை நாளாகப் பார்த்து? இல்லை, நான் சும்மா கேட்டேன். பிஸ்கட் முதலாளி ஹாலில் விரிந்தது விரிந்ததுதான். ஆனால் ஒவ்வொரு ஹாலும் ஒவ்வொரு மாதிரி. அப்படி ஒருவேளை உன்னுடையது விரியவில்லை என்றால் அது உன் கையின் குற்றமில்லை என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

அந்த மெஷின் வாங்கப் போன அன்று அக்காவோடு நான்தான் போனேன். தலையில் வைத்து நான்தான் தூக்கி வந்தேன். இது நிஜம். தூரத்தை மட்டும் அப்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

மாமா

*

மார்ச் 13

மாமாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி குறுக்கே வெட்டினேன். ராத்திரி பகலென்று பார்க்காமல் ஒட்டினேன். கண்ணாடிக் கடை முதலாளியம்மா ஒட்டினார். உங்கள் மாப்பிள்ளை உப்புத்தாள் தேய்த்தே விரல் நுனி தேய்ந்துபோனார். அம்மா மட்டும் தொடவில்லை. போகும்போதும் வரும்போதும் பார்த்தாள், அவ்வளவுதான். சுவர் முழுக்க, அவள் இஸ்திரி போடும் மேசைக்கு மேலே, மொட்டுகள். நேற்று காலை கெட்டிலில் வைத்துப் பார்க்கலாமென்று இருந்தேன். மெஷின் பார்க்க வருகிறவர் முதலில் வந்துவிட்டார்.

குட்டையான மனிதர், கையில் எண்ணெய்க் குப்பியோடு வந்தார். மெஷினைத் திருப்பினார், தட்டினார், சக்கரத்தைச் சுற்றினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவருக்குச் சாயங்காலம் தர வேண்டிய கோட்டு ஒன்று இருந்தது. "இது ஒண்ணை முடிச்சுக் குடுத்துடறேன், கொஞ்சம் உட்காருங்க" என்று சொல்லி, ஈரத் துணியை விரித்து அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். கடைசி வேலை என்பதாலோ என்னவோ, அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அறை முழுக்க ஆவி.

முதலில் பார்த்தது அந்த எண்ணெய்க் குப்பிக்காரர்தான்.

"அம்மா, உங்க சுவத்துல என்னமோ ஊருது."

ஊரவில்லை, மாமா. அம்மாவின் தலைக்கு நேர் மேலே இருந்தது முதலில். அப்புறம் அதன் பக்கத்தில். அப்புறம் மேலே ஜன்னல் வரைக்கும். ஒவ்வொன்றும் யோசித்து யோசித்து விரிந்தது, யாரோ கூப்பிட்டு எழுந்திருக்கிற மாதிரி. சத்தம் வந்தது என்றீர்களே, அது மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அல்லது அந்த நேரத்தில் எதுவுமே கேட்கவில்லை.

அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்துவிட்டாள். ஈரத் துணி கருகி வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். நல்லவேளை, கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மெஷின் விஷயம் என்ன சொல்றீங்க?" என்றார் வந்தவர்.

"எந்த மெஷின்?" என்றாள் அம்மா.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்ததும் பூவெல்லாம் மெதுவாக மூடிக்கொண்டன. "இன்னொரு தடவ தேய்ங்கம்மா" என்றார். அம்மா தேய்த்தாள். மூன்றாவது தடவையும் தேய்த்தாள், கோட்டே இல்லாமல். அவர் போகும்போது மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டே போனார்.

இப்போது மிச்சத்தையும் சொல்ல வேண்டும். சாயங்காலமே மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள். அம்மா அவர்களை உட்கார வைத்து, தேய்த்துக் காட்டி, பிஸ்கட் முதலாளி கல்யாணத்தை முழுக்கச் சொன்னாள். முதலாளி கண்ணாடியைத் துடைத்தது வரைக்கும். "என் தம்பி கண்ணால பார்த்தவன். அவன்தான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தான்." என் தம்பி என்றாள், மாமா. ரேடியோ என்று சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அசந்துபோய்விட்டார்கள். கல்யாணத்தன்று நீங்களே எழுந்து நின்று, வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமாம். பிறகு கதவைச் சாத்திக் கூட்டத்தோடு காத்திருந்து பூ விரிவதைப் பார்ப்பார்களாம்.

ஹாலில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. கூட்டத்து மூச்சே போதுமென்றீர்கள், போதும்தானே? எவ்வளவு நேரத்தில் விரிந்தது அங்கே? அதை மட்டும் சரியாக எழுதுங்கள். அதை வைத்துத்தான் கதவை எப்போது சாத்துவது என்று முடிவு செய்ய வேண்டும்.

அம்மா இந்தக் கடிதத்தின் அடியில் ஏதோ எழுத வேண்டுமென்கிறாள்.

தம்பி, வா. முதுகு வலி இடது பக்கம். அக்கா.

*

மார்ச் 18

கேள்விப்பெட்டிக்கு,

நான் அன்றைக்கே சொன்னேன், அக்கா மெஷினை விற்க மாட்டாள் என்று. யாரிடம் சொன்னேன் என்பது இப்போது முக்கியமில்லை.

அக்கா எழுதிய வரியைப் பட்டறையில் எல்லாருக்கும் காட்டினேன். "வா" என்பது ஒரே எழுத்துதானே என்றான் ஒட்டுகிறவன். அவனுக்கு அக்கா கிடையாது, பாவம். புதுச் சட்டைக்குத் துணி எடுத்தேன். தைக்கக் கொடுக்கவில்லை. அங்கே கொண்டு வந்தால் அக்கா தைப்பாள் என்று வைத்திருக்கிறேன். அதற்குள் இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று நானும் ஒரு மொட்டு செய்தேன். பசை காய்ந்ததும் டீ கிளாஸ் மேல் பிடித்தேன். பாதி ஆறின டீ, அதிலும்கூட. மெதுவாகத் தலையைத் தூக்கியது. சத்தமே இல்லை, நீ சொன்னது சரி. நான் நாலு தடவை பார்த்தேன். டீக்காரர் வேறு கிளாஸ் கொண்டுவந்து, தன் கையிலும் ஒன்று தரச் சொன்னார்.

எவ்வளவு நேரத்தில் விரியும் என்று கேட்டிருக்கிறாய். இதுவரை நீ கேட்டதிலேயே கஷ்டமான கேள்வி. நான் "பாதிப் பாட்டு முடிவதற்குள்" என்று எழுதிக் கிழித்தேன். "கதவைச் சாத்திய உடனே" என்று எழுதி அதையும் கிழித்தேன். நாளைக்கு அக்கா என் வார்த்தையை நம்பிக் கதவைச் சாத்துவாள். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் அக்காவைத் திரும்பிப் பார்த்து, "மத்த பதினோரு மெஷின் எங்கம்மா?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே கதவை நம்பாதே. ஹாலின் நாலு மூலையிலும் கெட்டில் வை, முன்னால் துணி கட்டி மறைத்துவிடு. மாப்பிள்ளை கரண்ட் கம்பி இழுத்துக் கொடுப்பார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஹாலில் வைத்துப் பார்த்துவிடு.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் நீயே படித்துக் காட்டு. மாப்பிள்ளை வீட்டில் அவள் இன்னொரு தடவை அந்தக் கதையைச் சொல்வதற்குள் படித்துக் காட்டு. படித்த பிறகும் "வா" என்றால் துணியோடு வருகிறேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சட்டைத் துணியைப் பார்சலில் அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்கு அளவு சரியாக இருக்கும்.

பிஸ்கட் முதலாளி நிஜம். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததும் நிஜம். அன்று காலையில் பட்டறையிலிருந்து மொய் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன், சுவர் முழுக்கக் காகித மொட்டு இருந்தது, அதுவும் நிஜம். முதலாளி கண்ணாடியைத் துடைத்ததைப் பார்த்தேன், ஏனென்று எனக்குத் தெரியாது. வெறும் காகிதப் பூ வைத்தார்கள் என்று எழுதியிருந்தால் உன் அம்மா "அதுக்கென்ன" என்றிருப்பாள், நீயும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாய். எனக்கு அந்த மெஷின் போகக் கூடாது. அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் சேர்த்தேன்.

அந்த மொட்டுகள் விரியவில்லை. காலையில் எப்படி ஒட்டினார்களோ, கல்யாணம் முடிந்து கழற்றும் வரை நானும் நின்று பார்த்தேன், அப்படியே இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

மாமா